எரிந்த நகரின் படிகள்

கரீபியக் கடலோர ஊர் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் பயண நிறுவனங்களின் வழவழப்பான தாள்களிலிருந்து வந்தது. வெண்மணல், சாய்ந்த தென்னை, நீலக் கடல், கையில் இளநீர். அந்தச் சித்திரத்தோடு மார்த்தினிக் தீவின் சேன் பியேருக்குச் செல்கிறவர் முதல் அரைமணி நேரம் ஏமாற்றமடையக்கூடும். அங்கே மணல் கருஞ்சாம்பல் நிறம். கடற்கரைச் சாலை குறுகலானது. நான்காயிரம் பேர் அளவில் வாழும் சிற்றூர். அதன் தலைக்கு மேலே, பெரும்பாலும் மேகத்துள் முகம் மறைத்துக்கொண்டு, 1397 மீட்டர் உயரமுள்ள பெலே மலை.

பிரெஞ்சுத் தீவுகளில் குடியேறிய இந்தியர்கள் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்காக 2024 பிப்ரவரியில் மார்த்தினிக் சென்றிருந்தேன். கருத்தரங்கு முடிந்தபின் நான்கு நாட்கள் எஞ்சின. அவற்றைச் சேன் பியேரில் கழித்தேன். திரும்பி வந்ததும் துறை நண்பர்கள் கேட்ட முதற்கேள்வி, "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பதுதான். நியாயமான கேள்வி. இடிபாடுகள் இருக்கின்றன என்று அப்போது சுருக்கமாகச் சொல்லிவைத்தேன். விரிவான விடையாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

இடிபாடுகளைப் பார்க்கும் முன் அவை எதன் இடிபாடுகள் என்பது தெரிந்திருக்க வேண்டும். 1635-இல் பியேர் பெலேன் தெனாம்புக் என்பவர் இங்கே கரையிறங்கி நிறுவியதே மார்த்தினிக்கின் முதல் பிரெஞ்சுக் குடியேற்றம். அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளில் அது சர்க்கரையும் ரம்மும் ஏற்றுமதியாகும் பெருந்துறையாக வளர்ந்தது. தீவின் ஆட்சித் தலைநகரம் தெற்கேயுள்ள ஃபோர் தெ பிரான்ஸ். ஆனால் வணிகமும் கலையும் நாகரிகமும் சேன் பியேருக்கே உரியவையாக இருந்தன. நாடக அரங்கு, தாவரவியல் பூங்கா, நாளிதழ்கள், உயர்நிலைப்பள்ளி எல்லாம் இருந்தன. அண்டிலீஸின் சின்னப் பாரிஸ் என்றே அதை அழைத்தார்கள். 1902 மே 8, கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள். காலை எட்டு மணியளவில் பெலே மலையின் பக்கவாட்டிலிருந்து கிளம்பிய எரிமேகம் ஓரிரு நிமிடங்களில் நகரை அடைந்தது. ஏறத்தாழ 28,000 பேர் இறந்தார்கள்.

*

நடையைப் பெர்தேன் சதுக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. கடலை ஒட்டிய திறந்தவெளி. பழைய வணிகக் கழகக் கட்டடத்தை முன்பிருந்த வடிவத்திலேயே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். காலையில் காய்கறிச் சந்தையில் சேனையும் மரவள்ளியும் வாழைத்தாரும் பார்க்கையில் ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்ற எண்ணம் சற்றுக் குறைகிறது. சந்தைப் பெண்களில் முதியவர் சிலர் தலையில் கட்டியிருக்கும் கட்டம்போட்ட துணிக்கு அங்கே 'மத்ராஸ்' என்றே பெயர். கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையின் நெசவு இத்தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நெய்தவர்களின் சந்ததியார் பின்னால் போனார்கள்.

அவர்கள் போன கதை இந்தத் துறையோடு நேரடியாகத் தொடர்புடையது. 1848 மே மாதம், ரொமேன் என்ற அடிமை முரசு கொட்டியதற்காகக் கைதுசெய்யப்பட்டார். அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி மே 22 அன்று சேன் பியேரைப் பற்றிக்கொண்டது. பாரிஸில் ஏப்ரல் 27 அன்றே அடிமை ஒழிப்பு ஆணை கையெழுத்தாகிவிட்டிருந்தது. ஆனால் ஆணையைச் சுமந்த கப்பல் இன்னும் வந்து சேரவில்லை. ஆளுநர் அதற்குக் காத்திராமல் மே 23 அன்று அடிமைமுறை ஒழிந்ததாக அறிவிக்க நேர்ந்தது. மே 22 இன்றும் மார்த்தினிக்கில் விடுமுறை நாள். விடுதலை தங்களுக்குக் கொடுக்கப்படவில்லை, தாங்களே எடுத்துக்கொண்டது என்பது அந்த நாளின் பொருள்.

விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டங்களுக்குத் திரும்ப மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். 1853 மே 6 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் சேன் பியேர் துறைக்கு வந்தது. அதிலிருந்து இறங்கிய முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டவர்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 இந்தியர்கள் இத்தீவுக்கு வந்தார்கள். மிகுதியானோர் தமிழர்கள். ஒப்பந்தத்தில் திரும்பும் பயணத்துக்கும் இடமிருந்தது. ஊர் திரும்பியவர்கள் பாதிக்கும் குறைவு.

சதுக்கத்துக்கு அருகே, தெருமட்டத்துக்குக் கீழே, ஃபிகியே என்றழைக்கப்படும் பகுதியின் கிட்டங்கிச் சுவர்கள் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. சர்க்கரைப் பீப்பாய்களை உருட்டி அடுக்கிய அறைகள். கூரை இல்லை, சுவர்களில் பாசி. அச்சுவர்களின் அருகே நின்று கடலைப் பார்த்தால், அந்த முந்நூறு பேரும் முதலில் கண்டது இதே கருமணலையும் இதே மலையையும்தான் என்பது உறைக்கிறது. அன்று அவர்களுக்கு அது வெறும் மலை.

*

அடுத்து நாடக அரங்கு. 1786-இல் பொர்தோ நகரத்து அரங்கை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது. எண்ணூறு பேர் அமரலாம். பிரான்சிலிருந்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து ஒரு பருவம் முழுக்கத் தங்கி நடித்துச் சென்றிருக்கின்றன. இன்று எஞ்சியிருப்பது முகப்பை நோக்கி இருபுறமும் வளைந்து ஏறும் கல் படிக்கட்டு, சில தூண்களின் அடி, மேடையின் பள்ளம். படிக்கட்டு மட்டும் ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது. ஏறிச் சென்றால் மேலே அரங்கு இல்லை, வானம்தான். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று அப்படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஆசிரியை இருமுறை அதட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அரங்கின் பக்கச் சுவரருகே நின்று எட்டிப் பார்த்தால் கீழே சிறைச்சாலையின் எச்சம் தெரியும். அதில் முதுகு வளைந்த கல்லறை போன்ற ஒரு தனிக்கொட்டடி. கனத்த சுவர், ஒரு தாழ்ந்த கதவு, சிறு துவாரம். மே 8 அன்று அதற்குள் அடைக்கப்பட்டிருந்த சிபாரிஸ் என்ற தொழிலாளி உடல் வெந்த நிலையில் உயிரோடிருந்தார். சில நாட்கள் கழித்து மீட்கப்பட்டார். தண்டனையே காப்பாகிவிட்ட விந்தையை உலகப் பத்திரிகைகள் விடவில்லை. பின்னாளில் அவர் அமெரிக்காவின் பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸோடு ஊர் ஊராகச் சென்றார். சேன் பியேரின் ஒரே ஓர் உயிர் என்று சர்க்கஸ்காரர்கள் விளம்பரம் செய்தார்கள். அது உண்மையன்று. ஊரோரத்தில் வாழ்ந்த கொம்பேர் லெயாந்திர் என்ற செருப்புத் தைப்பவரும் தப்பியிருந்தார். கூடாரத்துக்கு ஆள் சேர்க்க ஒருவர் தப்பிய கதைதான் உதவும். இருவர் என்றால் விந்தை பாதியாகிவிடும்.

சிறைக்கு மேற்புறம் மனநோயாளர் இல்லத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. நோயாளிகளைப் பிணைத்துவைத்த இருக்கையின் எச்சத்தையும் அங்கே காணலாம். ஒரே சரிவில் அரங்கு, சிறை, மனநோயில்லம். மூன்றின் சுவர்களும் இப்போது ஒரே உயரம்.

*

இங்கே வருகிறவர் எவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மலை முன்னறிவிப்பின்றி வெடித்ததா? இல்லை. ஏப்ரல் மாதத்திலிருந்தே புகை, கந்தக நெடி, தெருக்களில் சாம்பல். மே 5 அன்று பிளான்ஷ் ஆற்றின் வழியே இறங்கிய கொதிசேறு கெரேன் சர்க்கரை ஆலையை மூடி இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அண்டையூர்க்காரர்கள் நகரம் பாதுகாப்பானது என்று நம்பிச் சேன் பியேருக்குள் வந்து தஞ்சம் புகுந்தார்கள். ஆளுநர் லூயி மூத்தே ஒரு குழுவை அமைத்தார். பள்ளத்தாக்குகளின் அமைப்பைப் பார்க்கும்போது நகருக்கு ஆபத்தில்லை என்று மே 7 அன்று குழு தெரிவித்தது. ஆளுநர் தம் மனைவியோடு நகருக்கு வந்தார். மறுநாள் இருவரும் இறந்தார்கள். குழுவிலிருந்த உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் லாந்தும் இறந்தார்.

மே 11 அன்று தேர்தலின் இரண்டாம் சுற்று நடக்கவிருந்தது. வாக்குக்காக மக்களை வெளியேற விடாமல் நிறுத்தினார்கள் என்று பல நூல்கள் எழுதின. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அக்குழுவின் அறிக்கைதான் கூடுதலாக உறுத்துகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு பள்ளத்தில் வழிந்தோடும் என்பதே அவர்கள் படித்திருந்த பாடம். தரையை ஒட்டிப் பாய்ந்து வரும் எரிமேகம் என்ற ஒன்று அப்பாடத்தில் இல்லை. பேரழிவுக்குப் பின்னர் வந்து ஆராய்ந்த அல்ஃப்ரெத் லக்ருவா அதை 'நுவே ஆர்தாந்த்' என்ற பெயரால் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 'பெலே வகை' என்று எரிமலை வெடிப்பில் ஒரு வகையே பின்னர் ஏற்பட்டது. பாடநூலில் புதிய பத்தி ஒன்று சேர ஒரு நகரம் தேவைப்பட்டது. பாடம் நடத்திப் பிழைக்கிறவர்கள் அந்தச் சரிவில் சற்று நேரம் நிற்கலாம்.

துறையிலிருந்த இத்தாலியக் கப்பலின் தலைவர் ஒருவர், நேப்பிள்ஸ்காரர், வெசூவியஸைப் பார்த்து வளர்ந்தவர், சரக்கு பாதிதான் ஏறியிருந்த நிலையிலேயே அதிகாரிகளின் எதிர்ப்பை மீறி நங்கூரத்தைத் தூக்கிச் சென்றதாகச் சொல்லப்படுகிறது. அவரிடம் வேறொரு மலையின் நினைவு இருந்தது.

*

சேன் பியேரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நினைவகத்துக்குச் செல்லுங்கள். அமெரிக்க எரிமலையியலாளர் ஃபிராங்க் பெர்ரெட், 1929 முதல் 1932 வரை மலை மீண்டும் சீறியபோது அருகிலேயே தங்கி அதைக் கவனித்தவர். 1933-இல் அவர் நிறுவிய அருங்காட்சியகம், 2019-இல் புதுப்பிக்கப்பட்டு 1902 பேரழிவின் நினைவகமாகத் திறக்கப்பட்டது. சிறிய கட்டடம்தான். உள்ளே உருகி ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிக் குப்பிகள், ஒரே கட்டியாகிப்போன ஆணிகள், கரிந்த தானியம், பக்கவாட்டில் நசுங்கிய தேவாலய வெண்கல மணி. அந்த மணியின் முன் எல்லோரும் நிற்கிறார்கள். மூடாத வாய் போல அது கிடக்கிறது.

எனக்கு மணியைவிட அந்தக் கூடத்தைச் சுற்றி ஓடும் பெயர்ப்பட்டியல் பெரிதாகப் பட்டது. இறந்தவர்களில் அடையாளம் காணப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் பெயர்கள். ஏறத்தாழ 28,000-இல் ஏழாயிரம். மற்றவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே இருக்கிறார்கள்.

நகராட்சியே எரிந்த ஊரில் பழைய பதிவேடுகள் எப்படிக் கிடைக்கின்றன என்று முதலில் வியந்தேன். விடை சுவையானது. பிரெஞ்சுக் குடியேற்றங்களின் பிறப்பு, மண, இறப்புப் பதிவேடுகளுக்குப் படி எடுத்து ஒன்றை வெர்சாய்க்கு அனுப்பவேண்டும் என்று 1776-இல் ஓர் அரசாணை பிறந்தது. கப்பல் பயணத்தாலும் ஈரத்தாலும் பூச்சியாலும் ஏடுகள் அழிவதை அறிந்த யாரோ ஒரு குமாஸ்தாவின் யோசனையாக அது இருக்க வேண்டும். அதனால் சேன் பியேரின் மூலப் பதிவேடுகள் எரிந்தபோதும் கடலுக்கு அப்பால் படிகள் இருந்தன. இன்று அவை தெற்குப் பிரான்சில் எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தான். நமக்குச் சங்கப் பாடல்கள் கிடைத்தது மூல ஓலை நிலைத்ததால் அன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்தெழுதியதால். படி எடுக்கப்படாதது போயிற்று. சேன் பியேர் எனக்கு அந்த உண்மையை எரிந்த கல்லில் காட்டியது. இதன்பின் ஊரில் எதைப் பார்த்தாலும், இது எதன் படி என்று கேட்கத் தொடங்கினேன்.

*

நகரின் மிகச் சிறந்த படி ஒரு நூல். 'குவைதான்' பேய்க் கதைகள் வழியாக நம்மில் பலர் அறிந்திருக்கும் லாப்காடியோ ஹெர்ன், ஜப்பானுக்குச் செல்லும் முன் 1887 முதல் 1889 வரை சேன் பியேரில் வாழ்ந்தார். 1890-இல் வெளிவந்த அவருடைய 'பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டாண்டுகள்' இந்நகரின் அன்றாடத்தைப் பதிவுசெய்கிறது. தலைச்சுமையோடு மலைப்பாதையில் நடக்கும் பெண்கள், ரொக்ஸ்லான் ஆற்றில் துணி வெளுப்பவர்கள், மஞ்சள் சுவர்கள், தெருவோரக் கால்வாய்களில் எந்நேரமும் ஓடும் மலைநீர். பெலே மலையேறிய அனுபவத்தையும் ஓர் அத்தியாயமாக எழுதியிருக்கிறார். எழுதியபோது அது ஓர் ஊரைப் பற்றிய நூல். பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே ஊராகிவிட்டது.

ஆகவே என் யோசனை: ஹெர்னின் நூலைப் படித்துவிட்டுப் போய், ரொக்ஸ்லான் ஆற்றின் மேலுள்ள பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்பாலத்தில் ஒரு மாலை நில்லுங்கள். பாலம் பிழைத்துவிட்டது. ஆறு இப்போதும் பெரிய கூழாங்கற்களுக்கிடையே சலசலக்கிறது. வெளுக்கிறவர்கள் இல்லை. பின்னர் செங்குத்தான மோந்த்தோசியேல் தெருவில் ஏறுங்கள். 'விண்ணேறும் தெரு' என்று பொருள்படும் பெயர். உண்மையில் அது தெருவன்று, நடுவே நீர்க்கால் ஓடும் கல் படிக்கட்டு.

தெற்கே நாலைந்து கிலோமீட்டர் சென்றால் கார்பே. 1887-இல், ஹெர்ன் வந்த அதே ஆண்டில், ஓவியர் கோகான் தம் நண்பர் லவாலோடு பனாமாவிலிருந்து வந்து இக்கரையோரம் ஒரு குடிசையில் சில மாதங்கள் தங்கினார். தஹித்திக்குச் செல்வதற்கு நான்காண்டுகள் முன்பு. அங்கே அவர் நினைவாக ஒரு மையம் இருக்கிறது. மூல ஓவியங்களைத் தேடிப் போகவேண்டாம். மாமரத்தடிப் பெண்களை அவர் தீட்டிய ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மலையடிவாரத்தில் தெபா ரம் வடிசாலை. கரும்பு வெட்டும் மாதங்களில் போனால் ஆலை ஓடுவதைப் பார்க்கலாம். பாகிலிருந்து அன்றி நேரடியாகக் கரும்புச் சாற்றிலிருந்து வடிக்கும் மார்த்தினிக் ரம்முக்கு 1996 முதல் பிரெஞ்சு அரசின் தோற்றப்பெயர்ச் சான்று உண்டு. ஆலையைவிட அதன் மாளிகைக்கு ஒரு கதை இருக்கிறது. 1902-இல் தெபா குடும்பம் முழுவதும் மடிந்தது. பொர்தோவில் படித்துக்கொண்டிருந்த விக்தோர் என்ற மகன் மட்டும் எஞ்சினார். அவர் திரும்பி வந்து 1917-இல் ஆலையை மீட்டு, இழந்த வீட்டின் மாதிரியில் இம்மாளிகையையும் கட்டினார். ஒரு குடும்பத்தின் ஒற்றைப் படி கடல் கடந்து இருந்திருக்கிறது.

*

நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயது கடந்த அம்மையார். தீவின் வடகரையிலுள்ள பாஸ் புவேன்த் பகுதியில் பிறந்து, மணமாகி இங்கே வந்தவர். ஏமே செசேர் பிறந்த ஊர் அது. கரும்புத் தோட்டங்களும் அவற்றுக்கு நடுவே மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் எழுப்பிய சிறு கோவில்களும் உள்ள பகுதி. நாகூர் மீரானுக்குக் கொடியேற்றுவதும் அவ்வழிபாட்டில் சேர்ந்ததே. இத்தெய்வங்களுக்கு ஊரார் வைத்த கிரயோல் பெயர் 'கூலித் தெய்வம்'. அதை வசையாகச் சொன்ன காலம் உண்டு.

இரண்டாம் நாள் இரவு அவர் கோழியில் 'கொலொம்போ' சமைத்தார். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு அரைத்த பொடி. கொழும்பு என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பார்கள். நம் குழம்புதான் அது என்பாரும் உண்டு. நாக்கு இரண்டாம் கட்சியில் சேர்ந்தது. நான் எங்கிருந்து வருகிறேன், என்ன கற்பிக்கிறேன் என்று கேட்டவர், சற்று யோசித்துவிட்டு உள்ளே சென்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டனார் பூசையில் பாடியவை. உரோமன் எழுத்தில், பிரெஞ்சு உச்சரிப்பு முறையில், சொற்பிரிப்பில்லாமல் எழுதப்பட்டிருந்தது. பாட்டனாருக்கே பொருள் முழுதும் தெரிந்திருந்ததோ என்னவோ. அம்மையாருக்கு ஒரு சொல்லும் தெரியாது.

"சொல்லுங்கள் மதாம், இது சரியான தமிழ்தானா?" என்று கேட்டார்.

வாய்விட்டு மெல்லப் படித்தேன். முதல் இரண்டு வரிகள் ஒலியாகவே நின்றன. மூன்றாம் வரியில் 'மாரியம்மா' எழுந்தது. பிறகு 'தாயே', பிறகு 'வருவாய்'. ஈற்றெழுத்துகள் தேய்ந்திருந்தன, ழகரம் யகரமாயிருந்தது. சில இடங்களில் இரண்டு சொற்கள் ஒட்டி மூன்றாவது ஒன்றாகியிருந்தன. ஓரிடத்தில் எதுவுமே பிடிபடவில்லை. தேர்வுத்தாள் திருத்திப் பழகிய கை தானாகவே பேனாவைத் தேடுகிறது. ஆனால் எதைக் கொண்டு திருத்துவது? இங்கே ஆற்றங்கரைக் கோவிலில் இன்று பாடப்படும் பாட்டைக் கொண்டா? அதுவும் நூற்றெழுபது ஆண்டுகளில் மாறியிருக்காதா? இந்த நோட்டு அந்தப் பாட்டின் ஒரு படி. அதில் உள்ளவை பிழைகளல்ல, பாடபேதங்கள். வங்கக் கடலிலிருந்து கரீபியக் கடல்வரை பொருளை இழந்தபின்னும் ஓசையை இழக்காமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சுவடிப்பதிப்பு வகுப்பில் இருபதாண்டுகளாகச் சொல்லிவருவதை அன்று அந்தச் சமையலறையில்தான் நானே கேட்டேன்.

"சரிதான் மதாம்," என்றேன். "அம்மனை வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்."

"இங்கேயா?"

"இங்கேதான்."

அவர் சிரித்தார். பின்னர், நோட்டின் ஓரங்கள் பொடிவதையும் ஈரம் ஏறுவதையும் காட்டினார். மறுநாள் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பக்கம் பக்கமாக, முப்பத்தெட்டுப் பக்கங்களையும் படம் எடுத்தோம். ஒரு தொகுப்பு அவருடைய பேத்திக்கு, பாரிஸுக்குச் சென்றது. ஒன்று என்னிடம் இருக்கிறது. பிடிபடாத அந்த வரி இன்னும் பிடிபடவில்லை.

*

போக வாய்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிரான்சுக்கான விசா இருந்தால் மட்டும் போதாது. கடல்கடந்த மாவட்டங்களுக்கும் அது செல்லும் என்ற குறிப்பு அதில் இருக்கவேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. தவக்காலத்தின் பெயரால் 'கரேம்' என்றே அப்பருவத்தை அழைக்கிறார்கள். ஃபோர் தெ பிரான்ஸிலிருந்து கடலோரச் சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர். உணவகங்கள் விலை கூடியவை. சந்தையும் சமையலறையுள்ள தங்குமிடமும் நமக்கு ஏற்றவை. நல்ல மூச்சும் காலணியும் உள்ளவர்கள் மோர்ன் ரூழ் ஊருக்கு மேலுள்ள எலெரோன் என்ற இடத்திலிருந்து பெலே மலையேறலாம். விடியலிலேயே தொடங்குவது நல்லது. பத்து மணிக்கு மேகம் இறங்கிவிடும். நான் பாதிவரை சென்றேன். கீழே ஊர் ஒரு கைப்பிடி ஓடுகளாகத் தெரிந்தது. மலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால்தான் புரிகிறது.

முக்குளிக்கத் தெரிந்தவர்களுக்கு அன்று மூழ்கிய கப்பல்கள் இருக்கின்றன. ஏறத்தாழ ஒரு டஜன் கப்பல்கள் துறையின் அடியில் கிடக்கின்றன. 'ரொரைமா' என்ற நீராவிக் கப்பல் சுமார் ஐம்பது மீட்டர் ஆழத்தில். தேர்ந்தவர்கள் மட்டுமே இறங்கவேண்டிய ஆழம். முக்குளிக்காதவர்கள் மாலையில் கரையோரம் அமர்ந்து, நீரின் மேல் ஒன்றும் தெரியாத அந்த இடத்தைப் பார்க்கலாம். சிறுவர்கள் அங்கேதான் நீந்துகிறார்கள்.

2023 செப்டம்பரில் பெலே மலையும் வட மார்த்தினிக்கின் காட்டுச் சிகரங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே, 2019 முதல் மலைக்கடியில் சிறு அதிர்வுகள் கூடிவந்ததால் 2020 டிசம்பரில் மஞ்சள் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. இம்முறை கருவிகள் இருக்கின்றன, கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, பாடநூலில் அந்தப் பத்தி இருக்கிறது. ஊர்க்காரர்கள் மலையைப் பற்றிப் பேசும்போது பயமும் இல்லை, அலட்சியமும் இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோலக் காலையில் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இவை போதும் என்று நினைக்கிறேன். செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். அத்தீவுகளுக்குச் செல்லும் தமிழறிந்தவர்கள் இப்படிப்பட்ட நோட்டுப்புத்தகம் எங்கேனும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், திருத்தாமல், உரியவரின் அனுமதியோடு ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள்.